ட்ரைபாட் இல்லாம பாலைவனப் பாறைகளை அந்தி வெளிச்சத்துல எடுக்கறது

கேள்வி இதுதான்: பாலைவனத்துக்குப் போறேன், பெட்டி எடை காரணமா ட்ரைபாட் கொண்டு போக முடியாது, ஒரு மிரர்லெஸ் கேமரா, 24-70 எஃப் 4 லென்ஸ், அப்புறம் போன், அவ்வளவுதான், சாயங்காலம் பாறையெல்லாம் சிவக்கற நேரத்துல எடுத்தா எல்லாப் படமும் ஷேக் ஆகிடுமா, பேசாம ஒரு சின்ன ட்ரைபாட் வாங்கிக்கறது நல்லதா?

ஷேக் ஆகாது. சூரியன் மறையற வரைக்கும் ட்ரைபாடே தேவையில்ல, மறைஞ்சு ஒரு கால் மணி நேரம் வரைக்கும்கூட கையில பிடிச்சே நல்லா எடுக்கலாம். அந்த நேரத்துல ஷேக் ஆன படங்களோட வந்து நிக்கறவங்க செட்டிங்கை வாங்கிப் பாத்தா பெரும்பாலும் ஒண்ணேதான் இருக்கும், எஃப் 16, ஐஎஸ்ஓ 100. எஃப்ங்கறது லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் பெருசானா துவாரம் சின்னது; ஐஎஸ்ஓங்கறது சென்சார் வெளிச்சத்துக்குக் காட்டற உணர்வு, கூட்டினா நாய்ஸ்ங்கற புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடும். லேண்ட்ஸ்கேப்னா எஃப் 16, நாய்ஸ் வரக்கூடாதுன்னா ஐஎஸ்ஓ 100, இந்த ரெண்டு பழக்கமும் ட்ரைபாட் வெச்சு எடுத்தவங்க சொல்லிக் கொடுத்தது. ட்ரைபாடை வீட்டுல விட்டுட்டு அதோட பழக்கத்தை மட்டும் தூக்கிட்டுப் போனா படம் ஆடத்தான் செய்யும்.

கணக்கைப் பாத்துடுவோம், ஏன்னா இதுல பயம் போறதுக்கு கணக்குதான் வழி. நல்ல வெயில்ல எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வெச்சா 1/100 செகண்ட் வரும், இது ஃபிலிம் காலத்துலேர்ந்து இருக்கற பழைய விதி. அதையே எஃப் 8க்கு திறந்தா 1/400, 1/500 பக்கம் வரும். சூரியன் தொடுவானத்தைத் தொடற நேரத்துல வெளிச்சம் மதியத்தைவிட சுமார் மூணு ஸ்டாப் கம்மி, ஒரு ஸ்டாப் இறங்கினா வெளிச்சம் பாதியாகும், அதாவது மொத்தத்துல எட்டுல ஒரு பங்கு. அப்போ எஃப் 8, ஐஎஸ்ஓ 100ல 1/60 கிடைக்கும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினா 1/250. 24 மி.மீ.லேர்ந்து 70 மி.மீ. வரைக்கும் எந்தக் கையாலயும் ஆடாம எடுக்கக்கூடிய ஸ்பீட் இது. அதே நிமிஷத்துல பக்கத்துல ஒருத்தர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100ல எடுத்தா அவருக்கு 1/15தான் வரும், "ட்ரைபாட் இல்லாம முடியலப்பா"ம்பார். வெளிச்சம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

சூரியன் மறைஞ்ச உடனே இன்னும் ஒண்ணுலேர்ந்து மூணு ஸ்டாப் இறங்கும். மூணு ஸ்டாப் இறங்கினதாவே வெச்சுக்கலாம், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800ல 1/125 கிடைக்குது. ஐஎஸ்ஓ 800ங்கறது இன்னைக்கு இருக்கற எந்த சென்சாருக்கும் ஒரு விஷயமே இல்ல. பாறையில ஏற்கெனவே சொரசொரப்பு இருக்கு, மணல்ல இருக்கு, கொஞ்சம் நாய்ஸ் வந்தாலும் அதுல கலந்து போயிடும், தெரியறது வானத்துல மட்டும்தான், வானத்தை தனியா செலக்ட் பண்ணி நாய்ஸ் குறைக்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆடின படத்தை எந்த சாஃப்ட்வேரும் ஒழுங்கா சரி பண்ணாது, நாய்ஸை எல்லாமே சரி பண்ணும். அதனால விட்டுக்கொடுக்கறதுன்னா ஐஎஸ்ஓவைத்தான் விட்டுக்கொடுக்கணும், ஷட்டர் ஸ்பீடை இல்ல.

சரி, எஃப் 8 போதுமா, முன்னாடி இருக்கற கல்லும் தூரத்துல இருக்கற குன்றும் ரெண்டும் ஷார்ப்பா வேணுமேன்னு கேப்பீங்க. ஃபுல் ஃப்ரேம்ல, அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சார்ல, 24 மி.மீ., எஃப் 8 வெச்சு ரெண்டரை மீட்டர் தூரத்துல ஃபோகஸ் பண்ணா 1.2 மீட்டர்லேர்ந்து அடிவானம் வரைக்கும் ஏத்துக்கற அளவு ஷார்ப்பா வரும். எஃப் 5.6ன்னா மூணரை மீட்டர்ல ஃபோகஸ், முன்னாடி 1.7 மீட்டர்லேர்ந்து. இந்தக் கணக்கு சின்ன பிரிண்டுக்குப் போட்டது, 40 மெகாபிக்சலுக்கு மேல இருக்கற கேமராவுல முழு சைஸ்ல பெருசாக்கிப் பாத்தா தூரத்துக் குன்று லேசா மெத்துன்னு தெரியலாம், அதனால நான் ஃபோகஸ் பாயின்ட்டை கணக்குல வர்றதைவிட கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன், நாலு மீட்டர் அஞ்சு மீட்டர்ல. முன்னாடி கல்லு கொஞ்சம் மெத்துன்னு இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, தூரத்துப் பாறை மெத்துன்னு இருந்தா மொத்தப் படமும் ஃபோகஸ் தப்பின மாதிரி தெரியும். 35 மி.மீ.க்கு எஃப் 8ல அந்த தூரம் அஞ்சு மீட்டருக்குப் போயிடும், 70க்கு இன்னும் ரொம்பத் தள்ளி, அப்போ முன்னணியில கல்லை நெருக்கமா வைக்கற ஃப்ரேமே வேண்டாம், ரெண்டடி பின்னாடி போங்க. முன்னணியில கல்லை லென்ஸை இடிக்கற மாதிரி வெச்சே தீரணும்னா ரெண்டு படம் எடுங்க, ஒண்ணு கல்லுல ஃபோகஸ், ஒண்ணு குன்றுல, அப்புறம் சேத்துக்கலாம், கையில பிடிச்சு எடுத்த ரெண்டு படம் சின்னதா நகந்திருந்தாலும் சாஃப்ட்வேர் அலைன் பண்ணிடும். எஃப் 16க்குப் போறதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு, சின்ன துவாரத்துல ஒளி வளையற டிஃப்ராக்ஷன்னால மொத்தப் படமும் லேசா மழுங்கும், அதுவும் பிக்சல் நெருக்கமா இருக்கற சென்சார்ல நல்லாவே தெரியும்.

ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு இறங்கலாம்னா, ஃபோக்கல் லெங்த்துக்கு மேல ஒண்ணு போடற பழைய விதி எல்லாருக்கும் தெரியும், 50 மி.மீ.க்கு 1/50. ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார்னா ஒண்ணரை மடங்கு சேத்துக்கணும், நிறைய மெகாபிக்சல் இருந்தா ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கறது பத்திரம். ஸ்டெபிலைசேஷன் இருந்தா இதுக்கு கீழ போகலாம். பெட்டி மேல அஞ்சு ஸ்டாப்னு போட்டிருப்பாங்க, அதை அப்படியே நம்பினா 50 மி.மீ.ல அரை செகண்டுக்கும் மேல கையில பிடிக்கலாம்னு கணக்கு வரும், டெஸ்ட் மெஷின்ல அது வரலாம், மணல் மேல நடந்து மூச்சு வாங்கிட்டு நிக்கற ஆளுக்கு வராது. மூணு ஸ்டாப்னு எடுத்துக்கங்க, அதாவது 50 மி.மீ.க்கு 1/6. அதுவும் ஒவ்வொருத்தர் கைக்கும் மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே சாயங்காலம் 1/30, 1/15, 1/8, 1/4ன்னு ஒவ்வொண்ணுலயும் பத்து பத்து படம் எடுத்து பெருசாக்கிப் பாத்துடுங்க, எதுல பாதிக்கு மேல ஷார்ப்பா வருதோ அதுதான் உங்க எல்லை. இந்த ஒரு நம்பர் தெரிஞ்சா அங்க போய் குழப்பமே இருக்காது. ஆட்டோ ஐஎஸ்ஓவுல குறைஞ்சபட்ச ஷட்டர் ஸ்பீட் வைக்கற இடத்துல அதைப் போட்டு, அதிகபட்ச ஐஎஸ்ஓ 3200ன்னு வெச்சு, எஃப் நம்பரை மட்டும் நாம வைக்கற அபெர்ச்சர் ப்ரையாரிட்டி மோடுல விட்டுட்டா வெளிச்சம் இறங்க இறங்க கேமராவே பாத்துக்கும், நீங்க பாறையைப் பாக்கலாம்.

எல்லைக்குப் பக்கத்துல இருக்கும்போது பர்ஸ்ட்ல எடுங்க. நாலஞ்சு படம் தொடர்ந்து போகட்டும். விரல் பட்டனை அமுக்கற அந்த நொடியிலதான் கேமரா அதிகமா ஆடுது, அதனால முதல் படமும் விரலை எடுக்கற கடைசி படமும்தான் பெரும்பாலும் ஆடியிருக்கும், நடுவுல ஒண்ணு நிச்சயம் தேறும். பாறை எங்கயும் ஓடப் போறதில்ல, பத்து எடுத்து ஒன்பதை அழிக்கறதுல ஒரு குத்தமும் இல்ல. மெக்கானிக்கல் ஷட்டருக்குப் பதிலா மெனுவுல எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்னு ஒரு ஷட்டர் செட்டிங் இருந்தா அதை வெச்சுக்கங்க, ஷட்டரோட அதிர்ச்சி 1/15லேர்ந்து 1/125 வரைக்கும் இருக்கற ஸ்பீட்ல சில கேமராவுல படத்தை லேசா கெடுக்கும்.

பிடிக்கற விதம். முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி, இடது கை லென்ஸுக்கு அடியில, கேமரா நெத்தியில அழுந்தி இருக்கணும், ஸ்கிரீனைப் பாத்து கையை நீட்டி எடுக்கறதை இந்த நேரத்துல மறந்துடுங்க, வியூஃபைண்டர் இருந்தா அதுலதான். மூச்சை பாதி விட்டு நிறுத்தி, அமுக்காம உருட்டற மாதிரி பட்டனை. நிக்கறதைவிட உக்காருங்க, முழங்கால் ரெண்டையும் மடிச்சு அது மேல முழங்கைகளை வெச்சா கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் லாபம். கழுத்துப் பட்டையை முறுக்கமா இழுத்துப் பிடிச்சு எடுக்கறதும் உதவும். கயிறு வித்தை ஒண்ணு இருக்கு, கேமரா அடியில இருக்கற கால் இஞ்ச் திருகு ஓட்டைக்கு ஒரு ஸ்க்ரூ, அதுல ஒரு கயிறு, கயிறை காலால மிதிச்சுட்டு கேமராவை மேல இழுத்துப் பிடிச்சா மேல கீழ ஆட்டம் நல்லாவே குறையும். எடை ஒண்ணுமே இல்ல. பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஆனா பாறையை எடுக்கப் போற இடத்துல சாய்ஞ்சுக்க பாறைக்கா பஞ்சம்? தோளை ஒரு பாறையில சாய்ச்சு நின்னாலே போதும். இன்னும் நல்லது, காலியா ஒரு துணிப்பை கொண்டு போறது. அங்க போய் ஒரு கெட்டியான ஜிப் கவர்ல மணலை முக்கால் வரைக்கும் நிரப்பி, துணிப்பைக்குள்ள போட்டு, பாறை மேல வெச்சு, அது மேல கேமராவை அமுக்கி உக்கார வெச்சு, ரெண்டு செகண்ட் டைமர்ல எடுத்தா ஒரு செகண்ட் எக்ஸ்போஷர்கூட ஷார்ப்பா வரும், ட்ரைபாடுக்கும் இதுக்கும் படத்துல வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கிளம்பும்போது மணலைக் கொட்டிட்டு வந்துடலாம். கவர் முக்கியம், மணல் நேரா துணிப்பையில இருந்தா தையல் வழியா கசிஞ்சு பட்டன் இடுக்குல எல்லாம் போய் உக்காந்துக்கும். ஒரு எச்சரிக்கை, கையை வைக்கறதுக்கு முன்னாடி பாறை இடுக்கை டார்ச் அடிச்சுப் பாருங்க. இருட்டற நேரத்துலதான் தேளும் பாம்பும் வெளிய வரும், பாறையில பகல் சூடு மிச்சம் இருக்கும், நமக்கு வசதியா இருக்கற அதே விளிம்பு அதுங்களுக்கும் வசதி.

இது வரைக்கும் ஆடாம எடுக்கற கதை. ஆனா எனக்கு இதைவிட முக்கியமாத் தோணறது வேற, ட்ரைபாட் இல்லாதவருக்கு கால் இருக்கு. சூரியன் மறையறதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துல வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், பெரும்பாலான பாலைவனங்கள் இருக்கற அட்சரேகையில சூரியன் மணிக்கு சுமார் 13 டிகிரி இறங்குது, கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடிச்சா அது சுமார் 10 டிகிரி, அதனால தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு முஷ்டி இடம் இருந்தா உங்களுக்கு முக்கால் மணி நேரம் இருக்குன்னு அர்த்தம். அது நிஜமான தொடுவானத்துக்குத்தான், மேற்கே ஒரு மலைத்தொடர் இருந்தா ஆப்ல போட்டிருக்கற நேரத்துக்கு அரை மணி முன்னாடியே உங்க பாறை நிழலுக்குள்ள போயிடும், அந்த மலை விளிம்புலேர்ந்து முஷ்டியை அளக்கணும். அந்த முக்கால் மணி நேரத்துல ட்ரைபாட்காரர் ஒரு இடத்துல நட்டு வெச்சு ரெண்டு ஃப்ரேம் எடுப்பார், நீங்க பாறையைச் சுத்தியே வரலாம்.

சுத்தி வரணும். சூரியனை முதுகுக்குப் பின்னாடி வெச்சு எடுத்தா நிறம் பிரமாதமா இருக்கும், உருவம் இருக்காது, சிவப்புக் காகிதத்தை ஒட்டி வெச்ச மாதிரி தட்டையா வரும். அதோட உங்க நிழல். சூரியன் 10 டிகிரியில இருக்கும்போது நிழல் உயரத்தைப் போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு, 5 டிகிரியில பதினோரு மடங்குக்கு மேல, சராசரி உயரமுள்ள ஆளோட நிழல் 19 மீட்டர் நீளும், வைட் ஆங்கிள்ல அதை ஃப்ரேமுக்கு வெளிய வைக்கறதே பெரிய பாடு, குந்தி உக்காருங்க இல்லன்னா முன்னாடி இருக்கற ஒரு பாறை நிழலுக்குள்ள உங்க நிழலை ஒளிச்சுடுங்க. சூரியன் பக்கவாட்டுல வர்ற மாதிரி நின்னீங்கன்னா ஒவ்வொரு பொருக்கும் ஒவ்வொரு படுகையும் தன் நிழலோட தனியா எழுந்து நிக்கும். மணற்கல்லுல குறுக்கா ஓடற அடுக்குகள், அதாவது ஒரு காலத்துல மணல்மேடா இருந்து காத்து அடிச்ச திசையிலயே சாய்ஞ்சு இறுகின கோடுகள், அதெல்லாம் மதியத்துல கண்ணுக்கே தெரியாது, இந்தக் கோணத்துலதான் தெரியும். முழுசா 90 டிகிரி பக்கவாட்டுன்னு இல்ல, சூரியன் கொஞ்சம் முன்பக்கமா சாய்ஞ்சு வந்தா, அதாவது பாறைக்கு அந்தப் பக்கம் லேசா, இன்னும் ஆழம் கிடைக்கும், லென்ஸ் மேல வெயில் நேரா விழாம கையால மறைச்சுக்கணும், அவ்வளவுதான்.

நிறம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா எக்ஸ்போஷர் சுலபம். தொடுவானத்துல இருக்கற சூரியனோட ஒளி, தலைக்கு மேல இருக்கும்போது கடக்கறதைப் போல சுமார் 38 மடங்கு காத்தைக் கடந்து வருது, வழியில நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல சிதறிப் போயிடுது, மிச்சம் வர்றது மஞ்சளும் சிவப்பும். அந்தச் சிவப்பு போய் விழற மணற்கல்லுலயும் இரும்பு ஆக்சைடு இருக்கு, அது சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும். சிவப்பு மேல சிவப்பு. இதனால கேமராவுல நடக்கறது என்னன்னா, மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டற வரைபடம், சமத்தா நடுவுல இருக்கும், ஆனா சிவப்பு சேனல் மட்டும் வலது சுவர்ல முட்டிட்டு இருக்கும். வீட்டுக்கு வந்து பாத்தா பாறையோட வெயில் பக்கம் ஒரே ஆரஞ்சுப் பூச்சா, டீட்டெய்லே இல்லாம இருக்கும், எல்லாரும் அதை ஃபோகஸ் போச்சு, ஷேக் ஆகிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணி சிவப்பை மட்டும் பாருங்க, முட்டினா மூணுல ரெண்டு பங்கு ஸ்டாப் குறைங்க, நிழல் பக்கம் கறுத்தாலும் கேமரா பதப்படுத்தாம சேமிக்கற ரா ஃபைல்ல தூக்கிக்கலாம். இப்படிக் குறைக்கறதுல ஷட்டர் ஸ்பீடும் கூடுது, கையில பிடிக்கறவருக்கு அதுவும் லாபம்.

இது சிவப்புப் பாறைக்குச் சொன்னது. எகிப்துல ஃபராஃப்ரா பக்கம் இருக்கற வெள்ளைப் பாலைவனம் மாதிரி சுண்ணப்பாறைன்னா கணக்கு தலைகீழ், கேமராவோட ஒளி மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பாக்கும், எக்ஸ்போஷரைக் கூட்டணும், ஆனா வெள்ளைங்கறதால வானத்தோட ஒவ்வொரு நிறத்தையும் வாங்கிக்கும், சூரியன் மறைஞ்ச பிறகுதான் அது அழகு. கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ மாதிரி கிரானைட் உருண்டைகள்னா நடுத்தரம், மீட்டரை நம்பலாம். சில பாறை மேல கறுப்பா, பளபளன்னு ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் காலங்காலமா படிஞ்சு வந்தது, அது தாழ்வான வெயில்ல வெள்ளி மாதிரி மின்னும், சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அந்த மினுக்கல் கண்ணை உறுத்தும், ரெண்டடி நகந்தா போயிடும். மினுக்கலைக் குறைக்கற போலரைசர் ஃபில்டர் போட்டாலும் போயிடும், ஆனா போலரைசர் ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், ட்ரைபாட் இல்லாத நாள்ல அது தாங்காது. அதோட பக்கவாட்டு வெயில்ல எடுக்கும்போது வானத்தோட போலரைஸ் ஆன பட்டை சரியா நம்ம ஃப்ரேமுக்குள்ளதான் இருக்கும், வைட் ஆங்கிள்ல வானம் ஒரு மூலையில மட்டும் கறுத்துப்போய் அசிங்கமா வரும். கழட்டி பையில போட்டுடுங்க.

ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவுல விட்டா கேமரா அந்தச் சிவப்பைத் தப்புன்னு நினைச்சு நீலத்தைக் கலந்து சரி பண்ணிடும். டேலைட்ல, அதாவது 5200, 5500 கெல்வின் பக்கம் நிறுத்திடுங்க. ஷேட்ல வைக்கச் சொல்றவங்க இருக்காங்க, பாறை தக்காளி சாஸ் மாதிரி ஆகிடும், வேண்டாம்.

மேற்கே சூரியன் முங்கினதும் கூட்டம் கிளம்பும். கிளம்பாதீங்க, திரும்பி கிழக்கைப் பாருங்க. தொடுவானத்துக்கு மேல நீலம் கலந்த சாம்பல் நிறத்துல ஒரு பட்டை எழும்பி வரும், அது பூமியோட நிழல், நிஜமாவே பூமி தன் வளிமண்டலத்து மேல போடற நிழல். அதுக்கு மேல இளஞ்சிவப்பா ஒரு பட்டை, வீனஸ் பெல்ட்னு சொல்வாங்க. பாலைவனக் காத்து உலர்ந்து தெளிவா இருக்கறதால அங்க இது ரொம்ப நல்லாத் தெரியும். இந்த நேரத்துல மேற்கு வானம் முழுக்க ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், பாறையில கூர்மையான நிழல் எதுவும் இல்ல, நிறம் மட்டும் நிக்கும், வானத்துக்கும் பாறைக்கும் வெளிச்ச வித்தியாசம் ரொம்பக் குறைவு, வேற வேற எக்ஸ்போஷர்ல பல படம் எடுத்துச் சேக்கற பிராக்கெட்டிங்கெல்லாம் தேவையே இல்லாம ஒரே படத்துல எல்லாம் அடங்கிடும். என்கிட்ட கேட்டா சூரியன் இருக்கும்போது எடுத்ததைவிட இந்தப் பத்து நிமிஷப் படங்கள்தான் சுவத்துல மாட்டற படங்கள். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, 1/60 பக்கத்துல ஆரம்பிச்சு, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 3200 வரைக்கும் போகலாம். அந்த நேரத்துல முன்னணி நெருக்கமா இல்லாத ஃப்ரேமா எடுத்தா எஃப் 4லயும் குறை தெரியாது.

அதுக்கும் மேல இருட்டினா, ஒரே ஃப்ரேமை பர்ஸ்ட்ல எட்டு ஒன்பது படம் எடுத்துக்கங்க, ஷட்டர் ஸ்பீடை பத்திரமான அளவுல வெச்சு, ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் கவலைப்படாம. அப்புறம் சாஃப்ட்வேர்ல லேயரா போட்டு அலைன் பண்ணி சராசரி எடுத்தா நாலு படத்துக்கு நாய்ஸ் பாதியாகும், ஒன்பது படத்துக்கு மூணுல ஒரு பங்கு ஆகும். ஐஎஸ்ஓ 6400ல எடுத்த ஒன்பது படம் சேந்தா நாய்ஸ் விஷயத்துல ஐஎஸ்ஓ 800க்குப் பக்கத்துல வந்து நிக்கும். பாறை அசையாததால இது இங்க கச்சிதமா வேலை செய்யும், மரத்துக்கும் தண்ணிக்கும் இப்படி வராது. போன்ல நைட் மோடு பண்றதும் இதேதான், பல படங்களை எடுத்து அலைன் பண்ணிச் சேக்குது.

போன் பத்தி கேட்டீங்களே, வெளிச்சம் இருக்கற வரைக்கும் போன் ரொம்ப நல்லாவே எடுக்கும், சின்ன சென்சார்ங்கறதால முன்னாடி கல்லும் பின்னாடி குன்றும் தன்னாலயே ஷார்ப்பா வரும். ரெண்டே விஷயம். ஒண்ணு, லென்ஸைத் துடைங்க, தூசியும் விரல் எண்ணெயும் பட்ட லென்ஸ்ல எதிர்வெயில் வந்தா படமே பால் ஊத்தின மாதிரி இருக்கும். ரெண்டு, வெளிச்சம் குறைஞ்சதும் பல போன்கள் டெலி லென்ஸை விட்டுட்டு மெயின் லென்ஸ் படத்தையே வெட்டிப் பெருசாக்கிக் கொடுத்துடும், உங்ககிட்ட சொல்லாது, அதனால இருட்டற நேரத்துல ஜூம் வேண்டாம். பாறையில வெயில் பட்ட இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழ இழுங்க, பட்டனுக்குப் பதிலா மூணு செகண்ட் டைமர்.

நீளமான லென்ஸ் யாராவது கொண்டு போனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும், 200 மி.மீ.ல தூரத்துப் பாறையை எடுத்து அது மெத்துன்னு வந்தா கை ஆடினதாத்தான் இருக்கணும்னு இல்ல, பகல்ல சுட்ட தரையிலேர்ந்து எழற வெப்பக் காத்து அலையடிக்கறதா இருக்கலாம். அதை ட்ரைபாடும் நிறுத்தாது, ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. 1/1000ல எடுத்தும் மெத்துன்னு இருந்தா அதேதான். சூரியன் மறையற நேரம் நெருங்க நெருங்கக் குறையும், தரைக்கு ஒட்டி எடுக்காம கொஞ்சம் உயரமான இடத்துலேர்ந்து எடுத்தாலும் குறையும்.

இடத்தைப் பொறுத்தும் சில விஷயம் மாறும். நெவாடாவுல வேலி ஆஃப் ஃபயர் பூங்கா சூரியன் மறையறதோட மூடற இடம், மறைஞ்ச பிறகு வர்ற வெளிச்சத்தை நம்பி அங்க திட்டம் போடாதீங்க, அதுக்கு முந்தின அரை மணி நேரம்தான் உங்களுது. ஜோர்டான்ல வாடி ரம்னா பாலைவனத்துக்குள்ளயே முகாம்ல தங்கலாம், இருட்டற வரைக்கும் நிதானமா எடுக்கலாம். ஆஸ்திரேலியாவுல உளுரு பாறையில, அந்த மண்ணோட பூர்வகுடிகளான அனாங்கு மக்கள் புனிதமா வெச்சிருக்கற சில பகுதிகளைப் படம் எடுக்கக்கூடாதுன்னு பாறையடியில பலகை இருக்கும், மதிக்கணும், சாயங்காலம் எல்லாரும் நிக்கற இடம் தள்ளித்தான் இருக்கு, அங்கேர்ந்து 70 மி.மீ.ல நல்லா வரும். அமெரிக்காவுல மான்யுமென்ட் வேலியில மார்ச் கடைசியிலயும் செப்டம்பர் நடுவுலயும் சில நாள் மட்டும் மேற்கு மிட்டன் பாறையோட நிழல் கிழக்கு மிட்டன் மேல சரியா போய் விழும், அதைப் பாக்க வர்ற கூட்டத்துல ட்ரைபாட் காலை விரிக்க இடம் கிடைக்காது, கையில பிடிச்சவர் ரெண்டு தோளுக்கு நடுவுல எடுத்துட்டு வந்துடுவார். யூட்டாவுல டெலிகேட் ஆர்ச்ங்கற பாறை வளைவுக்கு போய் வர அஞ்சு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஏத்தம் வேற, திரும்பும்போது இருட்டு, ட்ரைபாட் எடையை மிச்சம் பிடிச்ச இடத்துல ஹெட்லேம்ப்பும் தண்ணியும் வெச்சுக்கங்க. அந்தப் பக்கத்து மண்ணுல கறுப்பா மொறுமொறுன்னு ஒரு உயிர்ப்படலம் இருக்கும், மிதிச்சா திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும், நல்ல கோணத்துக்காக அது மேல நடக்காதீங்க, பாறை மேலயோ வெறும் மணல் ஓடை வழியாவோ போங்க.

காத்து அடிச்சா லென்ஸ் மாத்தாதீங்க, உங்களுக்கு ஒரே லென்ஸ்ங்கறதால அந்தப் பிரச்சனையே இல்ல. கண்ணாடியைத் துடைக்கறதுக்கு முன்னாடி ஊதி மணலை விரட்டுங்க, துணியால நேரா தேச்சா கீறிடும்.

சின்ன ட்ரைபாட் வாங்கறது பத்தி: இந்தப் பயணத்துல நட்சத்திரம், நிலா வெளிச்சத்துல பாறை, அரை நிமிஷ எக்ஸ்போஷர் இதெல்லாம் எடுக்கப் போறீங்கன்னா வாங்குங்க, அதுக்கு கையும் போதாது, மணல் மூட்டையை வானத்தைப் பாத்து சாய்ச்சு வைக்கறதும் எரிச்சல். அப்பவும் மலிவான வளையற கால் உள்ளதை வாங்காதீங்க, 24-70 லென்ஸ் எடைக்கு மெதுவா தலை கவிழும், எக்ஸ்போஷர் நடக்கும்போதே கவிழும். குட்டையா, கெட்டியா, மேஜை மேல வைக்கற மாதிரி உலோகத்துல வர்றது போதும், பாறை மேல வெச்சுக்கலாம், மணல்ல வைக்கும்போது காலுக்கு அடியில தட்டைக் கல்லு வெச்சா புதையாது. சாயங்கால வெளிச்சத்துல பாறை மட்டும்தான்னா அந்தக் காசுக்கு ஒரு ஸ்பேர் பேட்டரியும் துணிப்பையும் வாங்கிக்கங்க, ஐஎஸ்ஓ 800ல வெச்சுட்டுக் கிளம்புங்க.